ஆறாவது வருஷம் யாரு பார்ப்பா?

நம்ம பதிவுக் கூட்டத்துல 'ஜல்லியடிக்கிறது'ன்னா என்னன்னு தனியா விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்த வேலையை நானும் இங்க ரொம்ப நாளா செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இன்னைக்கு வர்றது நிஜ ஜல்லி. முக்கால் ஜல்லி, ஒண்ணரை ஜல்லின்னு லாரியில கொண்டு வந்து ரோட்டோரம் கொட்டுவாங்களே, அது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்கா.

எங்க ஊரு திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல இருக்கு. மெயின் ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டரை கிலோமீட்டர் உள்ள போகணும். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் நெல்லு வயல், நடுவுல மூணே முக்கால் மீட்டர் அகலத்துல ஒரு தார் ரோடு. அந்த முனையில ஒரு போர்டு நட்டு வச்சிருந்தாங்க. மேல 'பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம்'னு பெருசா எழுதி, கீழ ரோட்டோட நீளம், மதிப்பீட்டுத் தொகை, வேலை முடிஞ்ச தேதி எல்லாம் இருக்கும். 2012-ல் நட்டது. அப்போ நான் ஒன்பதாவது. பஸ் வர்ற வரைக்கும் படிக்க வேற ஒண்ணும் இல்லாததால அந்த போர்டு முழுக்க எனக்கு மனப்பாடம். செய்யுள் மனப்பாடப் பகுதியை விட அது நல்லா ஞாபகத்துல நின்னுச்சு :-)

போர்டோட அடியில ஒரு சின்ன பட்டியல். 'பராமரிப்பு'ன்னு தலைப்பு. முதலாம் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய், இரண்டாம் ஆண்டுக்கு இவ்வளவுன்னு வரிசையா ஐந்தாம் ஆண்டு வரைக்கும் போகும். அதோட நின்னுடும்.

ஒரு நாள் சித்தப்பாகிட்ட கேட்டேன். "ஆறாவது வருஷத்துக்கு ஏன் சித்தப்பா எழுதல? எடம் பத்தலையா?"

"ஆறாவது வருஷமா? அத்த ஆண்டவன் பார்த்துக்குவான்டா" ன்னு சிரிச்சார்.

ஜோக்குன்னு நினைச்சு நானும் சிரிச்சேன். பத்து வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

*

2022 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க ஊர்ல யாரும் தூங்கலை. விடிஞ்சு பார்த்தா ரெண்டு மரம் சாஞ்சிருந்துச்சு, மாட்டுக் கொட்டாய் ஓடு பறந்திருந்துச்சு, மத்தபடி பெருசா சேதம் இல்லை. அப்பாடான்னு இருந்தோம்.

மூணாம் நாள் காலையில அப்பா மாட்டுக்குத் தவிடு வாங்க எக்ஸெல் வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். திரும்பி வரும்போது ஏரி வளைவுல ரோடு முழுக்கத் தண்ணி. நாப்பது வருஷமா போற வழிதானேன்னு ஓரமா விட்டிருக்கார். அந்தத் தண்ணிக்கு அடியில முழங்கால் ஆழத்துல ஒரு பள்ளம் இருந்தது அவருக்குத் தெரியலை. புயலுக்கு முந்தின வாரம் அது வெறும் தட்டு அளவுதான் இருந்துச்சாம்.

இடது மணிக்கட்டு உடைஞ்சு, தோள்பட்டை எலும்புல விரிசல். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில பிளேட் வச்சாங்க. நான் ஆபீஸ்ல இருந்து ஓடி வந்தப்போ, "தவிடு பூரா தண்ணில போச்சுடா" ன்னுதான் முதல் வார்த்தையா சொன்னார். ரெண்டு மாசம் அவரால பால் கறக்க முடியலை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ரெண்டு மாட்டைத் தனியா பார்க்க முடியாது. ஒண்ணை வித்தோம். இன்னைக்கும் அப்பாவால இடது கையில குடத்தைத் தூக்க முடியாது.

இதெல்லாம் ஊர்ல நடக்காததான்னு கேட்கலாம். நடக்கும்தான். எனக்கு வந்தது கோவத்தை விட ஆச்சரியம். ஐந்து வருஷம் அழகா இருந்த ரோடு எப்படி இந்தக் கதிக்கு வந்துச்சு? முதல் அஞ்சு வருஷத்தைக் குறையே சொல்ல முடியாது. பள்ளம் விழுந்தா ஒரு மாசத்துக்குள்ள ஆள் வந்து அடைப்பாங்க, ஓரத்துப் புல்லு வெட்டுவாங்க, கல்வெட்டு அடைப்பை எடுப்பாங்க. ஊர்க்காரங்க கிரிக்கெட் ஆடினதே அந்த ரோட்டுலதான். அப்புறம் என்ன ஆச்சு?

*

இதுக்குச் சித்தப்பாவைத்தான் பிடிக்கணும். அவர் நெடுஞ்சாலைத் துறையில சாலைப் பணியாளர். 1997-ல் கலைஞர் ஆட்சியில சுமார் 10,000 பேரைச் சாலைப் பணியாளரா எடுத்தாங்க, அதுல அவரும் ஒருத்தர். 2002 செப்டம்பர்ல, ஜெயலலிதா ஆட்சியில, அத்தனை பேரையும் மொத்தமா வேலையை விட்டு எடுத்துட்டாங்க. எனக்கு அப்போ நாலு வயசு இருக்கும். வேலை போன சித்தப்பா கல் உடைக்கிற எடத்துல கூலிக்குப் போனதும், சித்தியோட தோடு சேட்டுக் கடைக்குப் போனதும் பின்னாடி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. 2006 பிப்ரவரியில, தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னாடி, திரும்ப வேலை கொடுத்தாங்க. நடுவுல போன 41 மாசத்தைப் பணிக்காலமா கணக்குல சேர்க்கணும்னு அவங்க சங்கம் வருஷக்கணக்கா போராடுச்சு. எங்க வீட்ல '41 மாசம்'னு சொன்னா போதும், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டாங்க.

அந்த 41 மாசத்துல ரோடு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.

"மொத வருஷம் ஒண்ணியும் தெரியாதுடா. ரோடு பாட்டுக்கு இருக்கும். ரெண்டாவது மழையிலதான் வேலையக் காட்டும்."

சாலைப் பணியாளர் வேலை என்னன்னு அன்னைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச் சட்டி. இவ்வளவுதான் ஆயுதம். ரோட்டோரத்து மண்ணு ரோட்டை விட ஒசந்துடாமப் பார்த்துக்கணும். புல்லைச் செதுக்கணும். கல்வெட்டுக் கண்ணுல குப்பை சேராம எடுக்கணும். கை அகலப் பள்ளம் விழுந்தா அன்னைக்கே ஜல்லியும் தாரும் போட்டு இடிச்சு மூடணும். அவர் சொன்னதுல பாதிக்கு மேல தண்ணியைப் பத்தித்தான்.

தார் ரோட்டுக்குத் தண்ணிதான் எமன். கிராம ரோட்டுல மேல இருக்கிற தார் கலவை 20 மில்லிமீட்டர்தான் இருக்கும். நம்ம கட்டை விரல் அகலம். அதுக்கு அடியில ஜல்லி, அதுக்கு அடியில கிராவல், அதுக்கு அடியில மண்ணு. மேல் தோலு கிழியாத வரைக்கும் எல்லாம் பத்திரம். நடுவுல லேசா மேடு, ரெண்டு ஓரமும் சரிவுன்னு ரோட்டைப் போடறதே தண்ணி வடியறதுக்குத்தான். ஓரத்து மண்ணு ஒசந்துட்டா தண்ணி ரோட்டு மேலயே நிக்கும். நின்ன தண்ணி வெடிப்பு வழியா உள்ள இறங்கி, தாரையும் ஜல்லியையும் பிரிச்சு விடும். மண்ணு ஊறி இளகிடும். அது மேல ஒரு லோடு லாரி போனா போதும், கதை முடிஞ்சுது. ஒரு வெடிப்பை மூட ஒரு சட்டி கலவை போதும். அதையே ரெண்டு மழைக்கு விட்டா டிராக்டர் லோடு கேட்கும். நாலு மழைக்கு விட்டா டெண்டர் கேட்கும்.

"அப்புறம் ஏன் சித்தப்பா நம்ம ரோட்டைப் பார்க்கல? மண்வெட்டி உங்க கையிலதானே இருந்துச்சு?"

"அது எங்க ரோடு இல்லடா."

*

இந்த 'எங்க ரோடு இல்லை'ங்கிற வார்த்தையை அடுத்த ஒரு மாசத்துல நான் மூணு எடத்துல கேட்டேன். எந்தெந்த ஆபீஸ்னு சொல்லப் போறதில்லை. ஒரு எடத்துல மரியாதையா உட்கார வச்சு, டீ கொடுத்து, "எங்க ரெக்கார்டுல இல்லைங்க தம்பி" ன்னாங்க. இன்னொரு எடத்துல டீ கொடுக்காம அதையே சொன்னாங்க.

நம்ம கண்ணுக்கு எல்லாம் ரோடுதான். அரசாங்கத்துக்கு ஒவ்வொண்ணும் வேற வேற ஜாதி. எங்க பக்கத்துலயே பாருங்க. செங்கல்பட்டு வழியா போற ஜிஎஸ்டி ரோடு தேசிய நெடுஞ்சாலை. சதுரங்கப்பட்டினத்துல ஆரம்பிச்சு திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியா திருத்தணி வரைக்கும் போறது மாநில நெடுஞ்சாலை 58. அதுக்குக் கீழ மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை. இது வரைக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறை பார்க்கும். அதுக்கும் கீழ ஊராட்சி ஒன்றியச் சாலை, கிராம ஊராட்சிச் சாலை. இதெல்லாம் ஊரக வளர்ச்சித் துறை. 1994-ம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஒன்றியச் சாலையை ஒன்றியமும், கிராமச் சாலையைக் கிராம ஊராட்சியும் போடணும், பழுது பார்க்கணும், பராமரிக்கணும். தமிழ்நாட்டுல இந்தக் கடைசி ரெண்டு ஜாதி மட்டும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு. சித்தப்பா மாதிரி சம்பளத்துக்கு ஆள் வச்சுத் தினமும் பார்க்கிற ஏற்பாடு இருந்ததெல்லாம் மேல் ஜாதி ரோடுகளுக்குத்தான்.

எங்க ரோடு ஒன்றியச் சாலை. போட்டது மத்திய அரசு திட்டத்துல. முதல் அஞ்சு வருஷம் பார்த்தது காண்ட்ராக்டர். அப்புறம்?

சரி, காசு எங்கேர்ந்து வருதுன்னு பார்ப்போம்னு ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். ஆணி புடுங்கறதை விட இது சுவாரசியமா இருந்துச்சு.

ரோட்டுக்குன்னு தனியா காசு வசூலிக்கிற வழக்கம் ரொம்பப் பழசு. வெள்ளைக்காரன் காலத்துல, 1871-ம் வருஷத்து மதராஸ் சட்டம் ஒண்ணு, நிலத்து மேல ரூபாய்க்கு 1 அணா வரைக்கும் தீர்வை போட்டு, அந்தப் பணத்துல ரோடு, பள்ளிக்கூடம் மாதிரி உள்ளூர் வேலைகளைப் பார்க்க வழி பண்ணுச்சு. அப்புறம் மோட்டார் வந்துச்சு. ஜெயகர் கமிட்டி சொன்னதைக் கேட்டு, 1929-ல் பெட்ரோலுக்கு கேலனுக்கு 2 அணா கூடுதல் வரி போட்டு, அதை ரோட்டு நிதியா வச்சாங்க. அதோட வாரிசுதான் 2000-ம் வருஷத்து மத்திய சாலை நிதிச் சட்டம். லிட்டருக்கு 1 ரூபாய்னு வசூல் பண்ணின டீசல் செஸ்ல பாதி கிராம ரோட்டுக்குன்னு ஒதுக்கினாங்க. அந்த வருஷம் டிசம்பர் 25-ம் தேதி, வாஜ்பாய் ஆட்சியில, பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் ஆரம்பிச்சுது. சமவெளியில 500 பேருக்கு மேல இருக்கிற, ரோடு இல்லாத ஊருக்கெல்லாம் மழைக்கும் தாங்குற ரோடு. முதல்ல முழுக் காசும் மத்திய அரசு. 2015-16-லேர்ந்து 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம்.

நம்ம மாநிலத்துல பெரும்பாலான ஊருக்கு ஏற்கனவே ஏதோ ஒரு ரோடு இருந்ததால, இங்க அதிகமா நடந்தது இருக்கிற ரோட்டைத் தரம் உயர்த்துற வேலைதான். எங்க ரோடும் அப்படித்தான். அதுக்கு முன்னாடி அது செம்மண் ரோடு.

திட்டத்துல ஒரு நல்ல விஷயம் உண்டு. ரோடு போடற காண்ட்ராக்டரே அஞ்சு வருஷம் பராமரிக்கணும்னு அதே ஒப்பந்தத்துலயே எழுதிடுவாங்க. போர்டுல நான் படிச்ச அஞ்சு வரி அதுதான். இப்போ இ-மார்க்னு ஒரு மென்பொருளே வச்சிருக்காங்க. என்ஜினியர் நேர்ல போய், இடத்தோட புள்ளியும் பதிவாகிற மாதிரி போட்டோ எடுத்து, மார்க் போடணும். மார்க்கைப் பொறுத்துத்தான் காண்ட்ராக்டருக்குப் பராமரிப்புப் பணம். இதை எழுதின புண்ணியவான் யாரோ, நம்ம இனம்தான், நல்லா இருக்கட்டும்.

ஆனா சூட்சுமம் இங்கதான். ரோடு போடத்தான் மத்திய அரசு காசு. பராமரிப்புக் காசு முதல் வருஷத்துலேர்ந்தே மாநிலத்தோட பொறுப்பு. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் மாநிலம் தன் காசுல மேல்தளத்தைப் புதுப்பிச்சு, இன்னொரு அஞ்சு வருஷத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போடணும்னு விதி சொல்லுது. விதி சொல்லும். பட்ஜெட்ல அதுக்குன்னு எவ்வளவு எடுத்து வைக்கிறாங்க, அது எந்த ரோடு வரைக்கும் வருதுங்கிறதுலதான் ஆறாவது வருஷம் தொங்குது.

ஊராட்சியே பார்த்துக்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. வீட்டு வரி வசூல் எவ்வளவு வரும்னு எல்லாருக்கும் தெரியும். மாநில நிதிக்குழு மானியம் வருது. அதுல தெரு விளக்கு, மோட்டார் கரண்டு பில்லு, தண்ணி தொறந்து விடறவர் சம்பளம், தூய்மைப் பணியாளர் சம்பளம் போக மிச்சம் பார்க்கணும். மத்திய நிதிக்குழு மானியமும் உண்டு. 2021-லேர்ந்து 2026 வரைக்குமான 15-வது நிதிக்குழு கணக்குப்படி, ஊரக உள்ளாட்சிகளுக்கு வந்த பணத்துல 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு பண்ணலாம். மீதி 40-லதான் ரோடு உட்பட மத்த எல்லாம்.

திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2006-லேர்ந்து அஞ்சு வருஷம் 'அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்', ஒரு ஊராட்சிக்கு 20 லட்சம். 2011-ல் ஆட்சி மாறினதும் அதுக்குப் பதிலா குடியிருப்புகளைக் கணக்கு வச்சு 'தாய்' திட்டம். 2021-ல் ஆட்சி மாறினதும் திரும்பவும் அண்ணா மறுமலர்ச்சி, ரெண்டாம் பாகம். 2023 ஜனவரியில சட்டசபையில 'முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம்' அறிவிச்சாங்க, 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 40 லட்சம்னு கணக்கு வருது. 2024 செப்டம்பர்ல மத்திய அரசு கிராம சாலைத் திட்டத்தோட நாலாம் கட்டத்துக்கு அனுமதி கொடுத்துச்சு, 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி. எந்தக் கட்சியையும் குத்தம் சொல்றதுக்காக இதை வரிசையா அடுக்கலை. எல்லாருமே செஞ்சிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் ரோடு போடறதுக்கு ஒரு பேரு, ஒரு தொகை, ஒரு தொடக்க விழா இருக்கு. கல்வெட்டுல அடைச்ச குப்பையை எடுக்கறதுக்கு யாரு விழா வைப்பாங்க?

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவுல சஹாராவுக்குத் தெற்கே இருக்கிற நாடுகள்ல ரோட்டுல போட்ட சுமார் 150 பில்லியன் டாலர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, பராமரிப்பு இல்லாமலே அழிஞ்சு போச்சுன்னு உலக வங்கி 1990-கள்லயே கணக்கு சொல்லியிருக்கு. கடன் வாங்கிப் போட்ட ரோடு, கடன் அடையறதுக்கு முன்னாடியே மண்ணாப் போயிடுச்சு.

நான் பொட்டி தட்டுற எடத்துலயும் இதே கதைதான். புதுசா ஒரு வசதி செஞ்சு முடிச்சா டெமோ, கேக்கு, எல்லாருக்கும் மெயில். பழைய சிஸ்டத்துல ஒழுகுற எடத்தை ராத்திரி உட்கார்ந்து அடைக்கிறவன் பேரு யாருக்கும் தெரியாது. அதுக்கு ரெண்டு ஆள் கேட்டா, "இப்போ ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" ன்னு கேட்பாங்க. ஓடிக்கிட்டு இருக்கிறதே அவனாலதான்னு எந்த எக்செல் ஷீட்டுலயும் காட்ட முடியாது. ஒரு நாள் எல்லாம் படுத்துக்கும். அப்போ "முழுசா புதுசா எழுதிடலாம்" ன்னு பத்து மடங்கு பட்ஜெட் வரும். கூடவே கேக்கும்.

*

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ரோடு நல்லா வைக்கத் தெரியாத ஆட்கள் இல்லை நாம. 2019 அக்டோபர் 11, 12 தேதிகள்ல மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரம் வந்தாங்க. அதுக்கு முந்தின ரெண்டு வாரம் நான் தினமும் அந்தப் பக்கம் போயிருக்கேன். ரோட்டோரப் புல்லு, கோடு, பெயிண்டு, விளக்கு, ஒரு குறை சொல்ல முடியாது. 2022 ஜூலை 28-லேர்ந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் பூஞ்சேரியில செஸ் ஒலிம்பியாட் நடந்தப்பவும் அப்படித்தான். உலகமே வந்து போச்சு, நம்ம மானத்தைக் காப்பாத்தினாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. கைதட்டினவன்ல நானும் ஒருத்தன்.

ஒலிம்பியாட் முடிஞ்சு சரியா நாலு மாசத்துல, அங்கேர்ந்து கூப்பிடு தூரத்துலதான் அப்பா விழுந்தார். அப்பாவைப் பார்க்க எந்த அதிபரும் வரப் போறதில்லை. அவரு தவிடுதான் வாங்கப் போனாரு.

நிற்க. எங்க ரோட்டுக்கு 2024-ல் விடிவு வந்துச்சு. ஏதோ ஒரு திட்டத்துல பேரு வந்து, பழையதைப் பேத்துட்டுப் புதுசாவே போட்டாங்க. நல்லாவே போட்டாங்க. சித்தப்பா ரோலர் ஓடின நாலு நாளும் வேலைக்கு லீவு போட்டுட்டு ஏரிக்கரையில உட்கார்ந்து பார்த்தார். காண்ட்ராக்டர் ஆள் ஒருத்தர் அவரை யாரோ பெரிய அதிகாரின்னு நினைச்சு சேர் போட்டது தனிக் கதை :-)

2025-ல் சித்தப்பா ரிடையர் ஆனார். அந்த நவம்பர்ல நான் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். ரெண்டு நாள் நல்ல மழை. காலையில ஏரி வளைவுப் பக்கம் போனா, புது ரோட்டு மேல தண்ணி நிக்குது. அதே எடம். ஒரு வருஷத்துல ஓரத்து மண்ணு அடிச்சுக்கிட்டு வந்து, அது மேல புல்லு முளைச்சு, ரோட்டை விட நாலு விரக்கடை ஒசந்து போச்சு. தண்ணிக்கு ஏரி பக்கம் இறங்க வழி இல்லை.

அப்பாவும் வந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. இடது மணிக்கட்டைத் தடவிக்கிட்டே நின்னார்.

கொஞ்ச நேரத்துல சித்தப்பா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்வெட்டியோட வந்தார். என்கிட்ட ஒரு கடப்பாரையைக் கொடுத்தார். "இன்னாடா பார்த்துகினு நிக்கிற, குத்து." ஓரத்து மண்ணை ரோட்டு மட்டத்துக்குக் கீழ வர்ற வரைக்கும் செதுக்கி, பத்தடிக்கு ஒண்ணா ஆறு எடத்துல வெட்டு எடுத்தோம். கல்வெட்டுக் கண்ணுல அடைச்சிருந்த பிளாஸ்டிக் கவர், தென்னை மட்டை, ஒரு செருப்பு எல்லாத்தையும் இழுத்துப் போட்டோம். எனக்கு உள்ளங்கையில ரெண்டு கொப்புளம். அவருக்கு மூச்சு கூட வாங்கலை. ரெண்டு மணி நேரத்துல தண்ணி சலசலன்னு ஏரியில இறங்கிடுச்சு.

"இது எந்தத் திட்டத்துல சித்தப்பா வருது?" ன்னு கேட்டேன்.

"நமக்கு நாமே" ன்னார் மனுஷன், சிரிக்காம. (அந்தப் பேர்ல நிஜமாவே ஒரு திட்டம் 1997-லயே வந்துச்சு. இவருக்கு வேலை கிடைச்ச அதே வருஷம்.)

ரெண்டு பேரு மண்வெட்டி எடுத்தா நாடு திருந்திடும்னு சொல்ல வரலை. ரிடையர் ஆன சாலைப் பணியாளர் சித்தப்பாவா எல்லா ஊருக்கும் கிடைக்க மாட்டார். எங்களுக்கே இன்னும் எத்தனை மழைக்கு அவர் குனிவார்னு தெரியலை. எனக்குச் சொல்லத் தோணுறது ஒண்ணுதான். அந்த ரெண்டு மணி நேர வேலைக்கு ஒரு ஆளு, ஒரு மண்வெட்டி, வருஷா வருஷம் ஒரு சின்ன தொகை, அது யாரு பொறுப்புன்னு ஒரு பேரு. இதை எழுதி வச்சுட்டா கிலோமீட்டருக்கு 40 லட்சம் போட்டது பன்னெண்டு வருஷம் நிக்கும். எழுதாம விட்டா அஞ்சாறு வருஷத்துல திரும்ப 40 லட்சம். நடுவுல யாரோ ஒருத்தரோட மணிக்கட்டு, யாரோ ஒருத்தர் வீட்டு மாடு.

புது ரோட்டுக்குப் புது போர்டு நட்டிருக்காங்க. பஸ்ஸுக்கு நிக்கும்போது பழைய பழக்கத்துல முழுசா படிச்சேன். நீளம் இருக்கு, தொகை இருக்கு, பேரெல்லாம் இருக்கு. பராமரிப்புன்னு ஒரு வரியைத் தேடினேன், காணோம். பின்பக்கம் எழுதியிருக்கான்னு சுத்தி வந்தும் பார்த்துட்டேன். பஸ் ஸ்டாப்ல நின்ன ஆயா, "இன்னாத்தப் பா தேடுற?" ன்னு கேட்டுச்சு. "ஒண்ணும் இல்ல ஆயா" ன்னுட்டு பஸ் ஏறிட்டேன்.

அடுத்த தடவை உங்க ஊருக்குப் போகும்போது, ரோட்டு முனையில போர்டு இருந்தா நின்னு படிச்சுப் பாருங்க. எத்தனாவது வருஷம் வரைக்கும் எழுதியிருக்குன்னு வந்து சொல்லுங்க.